மணிக்கூண்டு ஆன்டெனாவும் பதினாலாம் நம்பர் பெட்டியும்

ஆகஸ்ட் 4, திங்கள்

மெஹருன்னிஸா மேடம் எனக்கு இரண்டு நோட்டு கொடுத்தார். ஒன்றில் தினமும் எத்தனை பெட்டி வேலை செய்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றது உபரி. உபரி நோட்டில் ஒரு வரியோடு நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறது. பெயர்: டெல்பின். வயது: நாற்பத்தொன்பது. இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் உண்மையை எழுதுகிறேன். தொழில்: சிப்பிக்கரை கடற்கரைத் தெருவில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் போட்டோ. பொழுதுபோக்கு: அதே கடையில் உட்கார்ந்து ஊர் விஷயம் கேட்பது. கேட்பதோடு நிற்காது என்று ஊர் சொல்லும்.

இன்று மீனவர் சங்கக் கூடத்தில் கூட்டம். மேடம் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். கடலைத் தூரத்தில் பார்த்தாலே குமட்டும் என்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பேசினார். கரையிலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் செத்துவிடுகிறது. போன வருடம் எஞ்சின் பழுதாகி மூன்று பேர் இரண்டு பகல், ஒரு ராத்திரி காற்று போன பக்கம் போனார்கள். இனி அப்படி ஆகாது, வள்ளத்துக்கு ஒரு பெட்டி, கோயில் மணிக்கூண்டில் ஒரு ஆன்டெனா, கரையில் ஒரு கம்ப்யூட்டர், எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்றார். பெட்டிகள் இருபது. செப்டம்பர் மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு, கடலில் குறைந்தது பதினைந்து பெட்டி உயிரோடு இருந்தால் எல்லாம் நமக்கே. இல்லாவிட்டால் கழற்றி வடக்கூருக்குக் கொண்டுபோய்விடுவார்களாம்.

கரைக் கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி வந்தது. தலைவர் ரொமால்ட் யோசிக்கவே இல்லை. (ஊருக்கே நான் மைனி, அதாவது அண்ணி.)

"டெல்பின் மைனி கடையில வைங்க மேடம். இன்வெர்ட்டர் இருக்கு, எல்லார் நம்பரும் இருக்கு. அவங்க காதுல விழுந்தா ஒம்பது மணிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், தலைவராயிற்றே.

கடைசி வரிசையிலிருந்து கஸ்பார் எழுந்தார். கஸ்பார் என் கணவர். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் ரொமால்டைப் பார்த்துச் சொன்னார்: "தலைவரே, அந்தம்மாகிட்ட சொல்லிருங்க. நம்ம வள்ளத்துக்குப் பெட்டி வேண்டாம்."

அந்தம்மா என்பது நான்.

ஆகஸ்ட் 6, புதன்

மணிக்கூண்டில் ஆன்டெனா ஏறிவிட்டது. புறாக்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டு அதிருப்தியோடு போயின.

எனக்கு இன்று பூராவும் ஒரே பரபரப்பு. கடையில் டோனர் தீர்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மேடம் படம் போட்டுக் காட்டினார். வள்ளத்தில் இருக்கிறவரின் செல்போன் வைஃபையில் பெட்டியோடு பேசும். பெட்டி ரேடியோ அலையில் மணிக்கூண்டோடு பேசும். மணிக்கூண்டிலிருந்து வயர் வழியாக என் கம்ப்யூட்டருக்கு வரும். கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட்டில் உலகத்தின் எந்த மூலைக்கும் போகும். அதே கம்ப்யூட்டரோடு பழைய வாக்கி-டாக்கியையும் கோயில் ஒலிபெருக்கியையும் கோத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். ஒன்றுக்கு மற்றது சொல்வது சுத்தமாகப் புரியாது.

"அப்ப எப்படி மேடம் பேசிக்கும்?"

"நடுவுல ஒரு பெட்டி இருக்கும்மா. கேட்வேன்னு பேரு. அது எல்லார் பாஷையும் தெரிஞ்சுக்கிட்டு, இங்க கேட்டதை அங்க மாத்திச் சொல்லும்."

ரொமால்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டே, "நம்ம மைனி மாதிரின்னு சொல்லுங்க" என்றார்.

பத்து நிமிடம் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தால், முப்பது வருடமாக நான் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு ஒரு பேராசிரியர் பெயர் வைத்திருக்கிறார். ஒரே வித்தியாசம், அந்தப் பெட்டி கேட்டதை மட்டும் சொல்லுமாம். மசாலா சேர்க்காதாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஏழு பத்துக்குத் திரையில் பதினொரு பச்சைப் புள்ளி. நீலத்தின் மேல் மெதுவாக நகர்கின்றன. காப்பி ஆறிப்போனது.

ஆகஸ்ட் 9, சனி

மேடம் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்: "உங்க வீட்டுக்காரர் மட்டும் ஏம்மா பெட்டி வாங்கலை?"

மேடத்திடம் சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும், அதற்குப் பார் என்று பெயர். மீன் அங்கேதான் கூடும். புதிதாக ஒரு பார் கண்டுபிடித்தவர் அதைப் பெற்ற மகனுக்குத்தான் சொல்வார், அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம். கஸ்பார் போன செப்டம்பரில் ஒன்று கண்டுபிடித்தார். எங்களுக்கு மகன் இல்லை, மகள்தான், அவளுக்குக் கடல் ஆகாது. அதனால் என்னிடம் சொன்னார். நான் என் தம்பி ஸ்தனிஸிடம் சொன்னேன். பாவம், அவன் சோம்பேறி, சும்மா கிடந்தால் யார் சோறு போடுவது என்று ஒரு பரிவு. ஸ்தனிஸ் அதை யாரிடம் சொன்னான் என்று பட்டியல் போட்டால் இந்த நோட்டு போதாது. நாலாம் நாள் அந்தப் பார் மேல் முப்பது வள்ளம் நின்றது.

தப்பு யார் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. என் மேல்தான் என்று ஊரில் நூறு பேர் சொல்வார்கள். அது அந்த நூறு பேரின் கருத்து.

அன்றிலிருந்து பதினொரு மாதம், கஸ்பார் என்னோடு நேராகப் பேசுவதில்லை. சண்டையும் கிடையாது, சாப்பாட்டில் குறையும் கிடையாது. குழம்பில் உப்பு கம்மி என்றால் பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் ரின்சிக்குப் போன் போடுவார். ரின்சி எனக்குப் போன் போட்டு, "அம்மா, உப்பு" என்பாள். நான் உப்பு ஜாடியைக் கொண்டுபோய் வைப்பேன். அடுப்படியிலிருந்து முன்னறைக்குப் பதினொரு அடி. செய்தி பெங்களூர் போய்த் திரும்புகிறது.

மேடம் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க பாடத்திலேயே இல்லாத நெட்வொர்க்" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரின்சி அப்பாவை என்ன மிரட்டினாளோ தெரியவில்லை, நேற்று மாலை ரொமால்ட் வந்து ஒரு பெட்டி வாங்கிப்போனார். "யாருக்குன்னு கேக்காதீங்க மைனி." நான் கேட்கவில்லை. பதிவேட்டில் நான்தானே எழுத வேண்டும். நம்பர் பதினாலு, கஸ்பார்.

அதில் ஒன்றும் விசேஷமில்லை. இருபதில் ஒரு பெட்டி. காலை 6.40, 7.05, 7.30, 8.10-க்கு மட்டும் பார்த்தேன்.

மத்தியானம் ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். கடைக் கூரை ஒழுகுகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

முதல் செய்தி வந்தது. பெங்களூரிலிருந்து ரின்சி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள்: "அம்மா, அப்பாவுக்கு மத்தியானம் சோறு வேண்டாமாம். கடலிலேயே கணவாய் சுட்டுச் சாப்பிட்டாச்சாம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையிலிருந்து பதினேழு கிலோமீட்டரில் நிற்கிற மனிதர், செல்போன், வைஃபை, பெட்டி, ரேடியோ, மணிக்கூண்டு, வயர், என் மூக்குக்கு முன்னால் இருக்கிற இதே கம்ப்யூட்டர், இன்டர்நெட், பெங்களூர் என்று போய், மறுபடி என் போனுக்கு வந்திருக்கிறார். என் கடையைத் தாண்டிப் போகும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் மனுஷனின் பிடிவாதத்துக்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனாலும் பூராவும் பத்து விநாடியில் நடந்தது. எனக்குப் புல்லரித்தது.

ஆகஸ்ட் 16, சனி

பதினாலாம் நம்பர் நாலு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. வேறு யாரும் போகாத திசை. அது எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும்... சரி, புளி ஊறிவிட்டது, குழம்பு வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ஒரு அதிசயம். ஏழு புள்ளிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன, தெற்கே, கரையிலிருந்து நாலே கிலோமீட்டரில். ஏழும் பெரிய கைகள், சும்மா நிற்கிற ஆட்கள் இல்லை. அங்கே ஏதோ பெரிய மீன் கூட்டம் சிக்கியிருக்கிறது.

இடத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று மேடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொல்லவும் இல்லை. மீன் ஏலம் போடுகிற பிளாரன்ஸ் அக்கா ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பேச்சுவாக்கில் "தெக்க ஏதோ வாசம் அடிக்குதுக்கா" என்று மட்டும் சொன்னேன். தெற்கு என்பது ஒரு இடமா? அது திசை.

ஆகஸ்ட் 20, புதன்

பிளாரன்ஸ் அக்காவின் இரண்டு மகன்களும் அவர்கள் கூட்டாளிகளுமாக ஐந்து வள்ளம் இன்று தெற்கே போய்ப் பாசி அள்ளிக்கொண்டு வந்தது. மீன் ஒன்றுகூட இல்லை.

பத்தரை மணிக்கு அந்த ஏழு பேரும் என் கடைக்கு வந்தார்கள். கடை சின்னது, நாலு பேர் வெளியே நின்றார்கள். ஏழு பெட்டிகளையும் ஜெராக்ஸ் மிஷின் மேல் அடுக்கினார்கள்.

"நேத்து இந்த ஏழும் யார் வள்ளத்துல இருந்துச்சு தெரியுமா மைனி?" என்றார் முன்னால் நின்றவர்.

"யார் வள்ளத்துல?"

"ஒங்க தம்பி ஸ்தனிஸ் வள்ளத்துல. ஆளுக்கொரு பரோட்டா பொட்டலம் கொடுத்தோம், அவன் பெட்டியை அணைச்சுப் போட்டு, ஏழையும் கட்டித் தூக்கிட்டுப் போயி, தெக்க நங்கூரம் போட்டுப் படுத்துத் தூங்கிட்டான். எங்க நிக்குதோம்னு நீங்க வெளிய சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு பாக்கத்தான் செஞ்சோம். பாத்தாச்சு."

"டீ சாப்பிடுறீங்களா" என்றேன்.

"டீயெல்லாம் வேண்டாம் மைனி. இந்தக் கடலே எங்க கையை விட்டுப் போயிரும், ஒங்க வாய்க்கு."

மாலைக்குள் இன்னும் ஏழு பெட்டி திரும்பி வந்தது. மீதி ஆறு.

மேடத்துக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். "உங்களால ஒரு ஊருக்கே இது போயிடக் கூடாதும்மா" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாலாம் நம்பர் திரும்பி வரவில்லை. மறந்திருப்பார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேடம் வந்து அமைப்பையே மாற்றிவிட்டார். இனி திரையில் இடம் தெரியாது. பெட்டி உயிரோடு இருந்தால் ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். வள்ளக்காரர் அபாயம் என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் அந்த ஒரு வள்ளத்தின் இடம் எனக்குத் திறக்கும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும். நானும் செய்தி அனுப்பலாம். அதற்கு இரண்டு வழி. "எல்லோருக்கும்" என்று ஒன்று, அதை அழுத்தினால் எல்லாப் பெட்டிக்கும் வாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே நேரத்தில் போகும். "ஒருவருக்கு மட்டும்" என்று இன்னொன்று.

"ரெண்டாவது எதுக்கு மேடம்?" என்றேன்.

"எல்லாத்தையும் எல்லாருக்கும் அனுப்பினா நெட்வொர்க் படுத்துடும்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

சங்கத்தில் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தோம். ஒருவரும் பெட்டியைத் திரும்ப எடுக்கவில்லை. ஆறுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆறு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆறு. வடக்கூர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையிலிருந்தே கச்சான். அது நம் பக்கம் தென்மேற்கிலிருந்து அடித்து, வள்ளத்தைக் கரையை விட்டு வெளியே தள்ளும் காற்று. 9.40-க்குக் கம்ப்யூட்டர் கிணுகிணு என்று சத்தம் போட்டது. சிவப்பு. நம்பர் பதினாலு.

இடம் திறந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நாலு நாள் நின்ற அதே இடம்.

கூடவே ஒரு வரி, "எஞ்சின் போச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல." வள்ளத்தில் அவரையும் சேர்த்து நாலு பேர்.

எல்லோருக்கும் என்பதை அழுத்தப் போனவள் நிறுத்தினேன். அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் இருபது வள்ளம் அங்கே நிற்கும். நாலு பேரையும் காப்பாற்றிவிடுவார்கள், அவருடைய புதுப் பாரையும் பார்த்துவிடுவார்கள். பதினொரு மாதத்துக்கு முன்னால் செய்த அதே காரியத்தை, இந்த முறை ஒலிபெருக்கி வைத்துச் செய்த மாதிரி ஆகும்.

தட்டினேன்: "யாரை அனுப்ப?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, பெங்களூரைக் கேட்காமல் நேராகக் கேட்டிருக்கிறேன். பதில் வருமா என்று தெரியவில்லை. வந்தது.

"அரை மணி பொறு. நங்கூரம் எடுத்தாச்சு."

வேறு யாராவது படித்திருந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எஞ்சின் இல்லாத வள்ளத்தில், கச்சான் அடிக்கும்போது, இருந்த ஒரே பிடிமானத்தையும் விட்டுவிட்டு ஒரு மனுஷன் காற்றோடு போகிறார். ஏன்? காப்பாற்ற வருகிறவன் பார் மேல் வந்து நிற்கக்கூடாது. அதைவிட்டு நன்றாகத் தள்ளிப்போன பிறகு வரட்டும். எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரொமால்ட் உள்ளே வந்தார், ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு.

"என்ன மைனி சத்தம்?"

"பேட்டரி."

"எந்தப் பேட்டரி?"

"இன்வெர்ட்டர் பேட்டரி. தண்ணி ஊத்தணும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கத்துத் தலைவர், நல்ல மனுஷர், இரண்டடி தூரத்தில். என் வாய்க்குள் இவ்வளவு பெரிய செய்தி இருந்ததே இல்லை. கல்யாணம், கருமாதி, ஓடிப்போனது எல்லாவற்றையும் விடப் பெரிது. உதடு தானாகத் திறக்கிறது, கடித்து மூடுகிறேன். ரொமால்ட் மருமகளைப் பற்றி ஏதோ சொல்கிறார். வேறு நாளாக இருந்தால் காதை வாடகைக்கு விட்டிருப்பேன். ஒரு வார்த்தை ஏறவில்லை.

9.50. புள்ளி கிளம்பிவிட்டது. 9.54. இன்னும் தள்ளி. 9.58. காற்று நான் நினைத்ததைவிட வேகம். ஒரு கிலோமீட்டர் ஆயிற்று.

10.00-க்கு வரவேண்டிய புள்ளி வரவில்லை.

பயமெல்லாம் இல்லை.

10.02-க்கும் வரவில்லை. அரை மணி என்று அவர் சொல்லலாம், அவர் கணவர் மட்டும்தான். கரைக்குப் பொறுப்பு நான். இருபத்திரண்டு நிமிடத்தோடு போதும் என்று முடிவுசெய்தேன். ஸ்தனிஸ் தான் நிற்கும் இடத்தைக் காலையில் வாக்கியில் கொட்டாவியோடு சொல்லியிருந்தான், என் கணக்குப்படி அங்கிருந்து நாலு கிலோமீட்டர். அவன் பொய் சொல்வதற்குக்கூடச் சோம்பேறி, அதனால் நம்பலாம். கடைசிப் புள்ளியிலிருந்து காற்று தள்ளியிருக்கக்கூடிய தூரத்தைக் கூட்டி, ஒருவருக்கு மட்டும் என்பதை அழுத்தினேன்.

"தம்பி, அத்தான் வள்ளம் எஞ்சின் போச்சு. இந்த இடத்துக்கு இப்பவே போ. வாக்கியில ஒரு வார்த்தை பேசின, நான் உனக்கு அக்கா இல்ல."

"சரிக்கா" என்று வந்தது. இரண்டு நிமிடம் கழித்து புள்ளியும் வந்தது. பெரிய அலை ஒன்று பெட்டியை நனைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"மைனி" என்றார் ரொமால்ட், "எனக்கு ஒரு காப்பிதான் வேணும்."

திரும்பிப் பார்த்தேன். அவருடைய ரேஷன் கார்டை முப்பத்தாறு பிரதி எடுத்திருந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்தனிஸ் வள்ளம் கஸ்பார் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இருவரும் வழியில் பேசிக்கொள்ளவே இல்லையாம். நான் கரைக்குப் போகவில்லை. கடையில் வேலை இருந்தது, முப்பத்தைந்து பிரதியை அடுக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எஞ்சின் பட்டறைக்குப் போயிருக்கிறது. கஸ்பார் நாள் பூரா வீட்டில். நான் நாள் பூரா கடையில். ஊரில் எல்லோரும் என்னிடம் வந்து எங்கே நடந்தது என்று கேட்டார்கள். "ஸ்தனிஸ்கிட்ட கேளுங்க" என்றேன். ஸ்தனிஸ் சொன்ன இடத்தில் இன்று இரண்டு வள்ளம் வலை போட்டு, வெறும் வலையை நனைத்துக்கொண்டு வந்ததாகக் கேள்வி.

ஆகஸ்ட் 30, சனி

ஏலக்கூடத்தில் நான் இல்லாத ஒரு காட்சி. பிளாரன்ஸ் அக்கா மூச்சுவாங்க ஓடிவந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மசாலா அவருடையது.

அந்த ஏழு பேரில் ஒருவர் கஸ்பாரைச் சீண்டியிருக்கிறார். "என்ன மாப்ள, பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல உக்காந்தும் உன்ன அந்தச் சோம்பேறிதான் இழுத்துட்டு வரணுமா? எங்க எல்லாருக்கும் ஒரு சத்தம் குடுத்திருந்தா பறந்து வந்திருப்போம்லா?"

கஸ்பார் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தாராம்.

"நீங்கள்லாம் வரக்கூடாதுன்னுதான் அவ சொல்லல. எனக்கு ஒரு இடம் இருக்கு. அதை விட்டுத் தள்ளிப் போறவரைக்கும் அவளைப் பொறுன்னு சொன்னேன். பொறுத்தா. தலைவர் பக்கத்துல உக்காந்திருக்காரு, அவருக்கே சொல்லல."

எல்லோரும் ரொமால்டைப் பார்த்தார்களாம். ரொமால்ட் மெதுவாக, "பேட்டரின்னாங்க" என்றாராம்.

"எத்தன நிமிஷம் பேசாம இருந்தாங்க?"

"இருவத்திரண்டு. ஸ்தனிஸ் போன்ல மணி பாத்தேன்" என்றாராம் கஸ்பார்.

"டெல்பின் மைனியா?"

"ஆமா."

"நம்ம ஜெராக்ஸ் கடை டெல்பின் மைனியா?"

ஏலம் கால் மணி நேரம் நின்றுபோனதாம். தனக்கென்று ஒரு புதுப் பார் இருப்பதை இத்தனை நாள் ஒரு ஈக்குக்கூடச் சொல்லாத மனுஷர், என்னைப் பற்றிப் பெருமையடிக்கப் போய் ஊர் நடுவில் உளறிவிட்டார். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை, அந்த மட்டும் க்ஷேமம்.

பிளாரன்ஸ் அக்கா போன பிறகு கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். தூசி துடைக்க.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று ஞாயிறு, கடல் லீவு. பூசை முடிந்து வரும்போதே மூன்று பேர் கடைக்குப் பின்னாலேயே வந்து, "சும்மா கெடக்குற பெட்டிதானே மைனி" என்று வாங்கிப்போனார்கள். இன்று பச்சை விளக்கு ஒன்பது, கரையில் கிடக்கும் பதினாலாம் நம்பரையும் சேர்த்து. மாலையில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினொன்று. மாலையில் அந்த ஏழில் நாலு பேர் வந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் இம்முறை பின்னால் நின்றார். "டீ இருக்கா மைனி?" என்றார். இருந்தது. நாளைக் காலை பதினைந்து, கணக்கு சரி. மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். அவர் எலுமிச்சம்பழம் படம் ஒன்றை அனுப்பினார்.

செப்டம்பர் 3, புதன்

ஏழு மணிக்கெல்லாம் மேடமும் ரொமால்டும் கடையில். கஸ்பாரும் எஞ்சின் வந்து இன்று கடலுக்குப் போயிருந்தார். 7.20-க்குப் பன்னிரண்டு. 7.35-க்குப் பதினாலு. 7.50-க்கும் பதினாலு.

யார் இல்லை என்று பதிவேட்டைப் பார்த்தேன். வேறு யார், என் தம்பி. கடலில்தான் இருக்கிறான், பெட்டியைப் போடவில்லை. வாக்கியில் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் கடலுக்குக் கேட்காது. மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது, இத்தனைக்கும் தரையில்தான் நிற்கிறார். 7.54-க்கு, எல்லோருக்கும் என்பதை வாழ்க்கையில் முதல்முறையாக அழுத்தினேன்: "ஸ்தனிஸ் பக்கத்தில் யார் இருந்தாலும் அவனை எழுப்புங்கள்."

7.57-க்குப் பதினைந்தாவது விளக்கு எரிந்தது.

ரொமால்ட் என் ஜெராக்ஸ் மிஷினைக் கட்டிப்பிடித்தார். மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். வெளியே தெருவில் யாரோ கை தட்டினார்கள், எதற்கு என்று தெரியாமலே இன்னும் பத்துப் பேர் தட்டினார்கள். திரையில் ஒரு செய்தி வந்து நின்றது, நம்பர் பதினாலிலிருந்து, எனக்கு மட்டும்: "மச்சானை எழுப்பியாச்சு. மேலே தண்ணி ஊத்துனேன்."

மச்சான் என்று எழுதியிருந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்தவர் எழுந்து போகவில்லை.

"டெல்பின்."

நான் போனைத் தேடினேன், பழக்கதோஷம்.

"இங்க உக்காரு" என்றார். தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார். "இது நம்ம மணிக்கூண்டு." உப்புக் கிண்ணத்தை எடுத்து இரண்டு சாண் தள்ளி வைத்தார். "இது ஐஸ் ஃபேக்டரி புகைக்கூண்டு. ரெண்டும் ஒரே கோட்டுல வரணும், அப்புறம் வெளிய போகணும். புரியுதா?"

"புரியுது."

"ஒனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே. நாலஞ்சு நாள் அந்த ஸ்கிரீன்ல நின்னுதே."

"கண்ணாடி போடாமப் பாத்தேன்" என்றேன். "சரியாத் தெரியல."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது, மீசைக்குள் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மோர் டம்ளரைக் கையில் எடுத்தார்.

"இது நம்ம வள்ளம். சொல்லட்டுமா?"

எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினேன். சன்னலையும் சாத்தினேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றேன்.

டம்ளரை வைத்தார். எங்கே என்று எழுதப் போவதில்லை.